பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை, வித்தால் கார்டு (பிரான்ஸ் மருத்துவக் காப்பீட்டு அட்டை) வராமல் நிற்கிறது – யாருக்காவது அனுபவம் உண்டா?

வணக்கம் மக்களே. திருச்சியிலிருந்து லியோனுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. விசாவை வந்த மூன்று மாதத்துக்குள் ஆன்லைனில் பதிவு செய்வது, வங்கிக் கணக்கு எல்லாம் ஒருவழியாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை இருக்காது என்பதும், பேக்கரிக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்லாமல் ரொட்டி கேட்டால் முகம் சுண்டிவிடும் என்பதும் பட்டுத் தெரிந்துகொண்டேன், அது சரி.

இப்போது சிக்கல் வித்தால் கார்டில். பெற்றோர் பெயரோடு பிறப்புச் சான்றிதழ், அதற்கு அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு கேட்கிறார்கள். என் சான்றிதழில், நம் ஊரில் பலருக்கும் இருப்பது போல, அப்பா அம்மா பெயர் இருக்கிறது, என் பெயர் மட்டும் இல்லை! திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஊரில் அப்பாவை வைத்தே பெயர் சேர்க்க முடியுமா, நானே போகணுமா? பாரிஸ் இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை வைத்து வாங்கும் பிறப்புச் சான்றிதழை இங்கே ஏற்றார்களா? அப்புறம், குடும்ப மருத்துவரை இன்னும் பதிவு செய்யவில்லை. அது இல்லாவிட்டால் மருத்துவரிடம் கட்டிய பணத்தில் 70 சதவீதத்துக்குப் பதில் 30 தான் திரும்பக் கிடைக்குமாம். தற்காலிகக் காப்பீட்டு எண்ணோடு பதிவு செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். லியோன் பக்கம் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் இருந்தாலும் சரி.