புதுப்பிப்பு: அம்மாவின் தலைச்சுற்றல், கோத்தகிரி

உள்காது நரம்பு அழற்சிக்குப் பிறகும் அம்மாவுக்குத் தலைச்சுற்றல் நீங்கவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது பிசியோதெரபி யோசனைதான். சுவரில் ஒட்டிய எழுத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை இடவலமாக அசைப்பது முக்கியப் பயிற்சி. பிறகு தலையைத் திருப்பியபடி நடப்பது. எதிர்பாராதது, தொடக்கத்தில் சுற்றல் கூடியது. "இது வைத்தியமா, வதையா?" என்றார் அம்மா. லேசாகச் சுற்றினால்தான் உள்காதின் குறையை மூளை ஈடுகட்டப் பழகுமாம். தலைச்சுற்றல் மாத்திரை அதைத் தாமதப்படுத்தும் என்று மருத்துவரே படிப்படியாக நிறுத்தினார்.

இப்போது தேயிலைத் தோட்டச் சரிவில் தனியாக இறங்குகிறார். கண் உதவாத இருட்டிலும் மூடுபனியிலும் மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

சிலர் சொன்ன எப்லி முறை (படுக்கவைத்துத் தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்புவது), படுக்கையில் புரளும்போது சில நொடிகள் வரும் சுற்றலுக்கானது, அம்மாவுக்குத் தேவைப்படவில்லை.