ஒளிவழி அறிவுயிர்த் தேடல்: ஒரு சொல் முன்மொழிவு

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

டெல்டா மாவட்டப் பள்ளி மாணவர்களுக்காக நாம் தொகுத்துவரும் வானியல் கையேட்டில், வேற்றுலக அறிவுயிர்களை ஒளியின் வாயிலாகத் தேடும் துறைக்குக் கும்பகோணம் நண்பர் இட்டிருக்கும் 'ஒளியியல் தேடல்' என்ற பெயரை ஏற்கத் தயங்குகிறேன். ஆடி, வில்லை ஆகியவற்றைப் பற்றிய பாடத்துக்கு 'ஒளியியல்' என்ற பெயர் நிலைத்துவிட்டதால், மாணவர் இதையும் அப்பாடத்தைச் சார்ந்த ஓர் ஆய்வு என்றே கொள்வார்.

வேதாரண்யம் நண்பர் முன்மொழிந்த 'விண்கலங்கரைத் தேடல்' காதுக்கு இனியது. கலத்தைக் கரைந்து அழைக்கும் விளக்கு என்ற பொருளும், கோடியக்கரைக் கடலோரத்தில் வாழ்பவருக்கு எளிதில் விளங்கும். ஆயினும் எதிர்முனையில் இருப்பவர் நம்மை அழைக்கிறார் என்று அச்சொல் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. தம் விண்கலத்தின் பாயை ஒளியழுத்தத்தால் உந்துவதற்காக ஒரு நாகரிகம் செலுத்தும் லேசர் கற்றை நம் பக்கம் தப்பி வந்தாலும் கருவி அதைப் பதியும். கருவிக்குத் தெரியாத நோக்கத்தைச் சொல்லில் ஏற்றுவது முறையன்று.

'ஒளித்துடிப்புத் தேடல்' என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். முதல் லேசர் 1960இல் இயங்கியது. மறு ஆண்டிலேயே ஷ்வார்ட்ஸ், டவுன்ஸ் ஆகிய இயற்பியலாளர் இருவரும் அத்தகைய கருவியால் விண்மீன்களுக்கிடையே செய்தி அனுப்ப முடியும் என்று எழுதினர். ஒரு நானோநொடி, அதாவது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஒரு மங்கலான விண்மீனிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கு ஓர் ஒளித்துகள்கூடப் பெரும்பாலும் வந்து சேராது. ஆகவே அந்த இடைவெளிக்குள் பல துகள்கள் ஒருங்கே வந்தால் அது கவனிக்கத்தக்கது. வலிமையான லேசர் ஒன்றைப் பெரிய தொலைநோக்கியின் வழியே குவித்து அனுப்பினால், அந்தக் கணத்தில் மட்டும் அது தன் தாய் விண்மீனையே விஞ்சி ஒளிரும். ஆனால் துடிப்பு என்றால் நாடியைப்போல் மீண்டும் மீண்டும் நிகழ்வது என்ற எண்ணம் எழுகிறது. இங்கே ஒரே ஒருமுறை வந்து மறைவதும் கணக்கில் சேரும். மேலும், விண்மீன்களின் நிறமாலைகளில் இயற்கைக்கு மாறான மெல்லிய லேசர் கோடுகளைத் தேடும் ஆய்வுகளும் உண்டு; அவற்றில் துடிப்புக்கே இடமில்லை.

ஆகவே துறைக்கு 'ஒளிவழி அறிவுயிர்த் தேடல்' என்பதை முன்மொழிகிறேன். 'கட்புல' என்ற முன்னொட்டு வேண்டாம். அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் 2015இல் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியிலும் தேடத் தொடங்கினார்கள்.

நானோநொடி ஒளிக்குத் தனிப்பெயர் தேவை. 'ஒளிவெட்டு' என்று திருவாரூர் ஆசிரியை எழுதியிருந்தார்கள். மின்னல் வெட்டுகிறது என்று நம் ஊரில் சொல்வது உண்மைதான். ஆனால் 'மின்வெட்டு' என்றவுடன் விளக்கு அணைவதைத்தானே நினைக்கிறோம்? 'ஒளியிமைப்பு' என்பது என் பரிந்துரை. இமைத்தல் என்பதற்கு ஒளிவிடுதல் என்ற பழம்பொருளும் உண்டு, குறுகிய நேரம் என்ற குறிப்பும் உண்டு. காற்றுமண்டலத்தால் விண்மீன் சிமிட்டுவதற்கு 'மினுக்கம்' என்பதை ஒதுக்கிவிட்டால் குழப்பம் நேராது.

கையேட்டு வரைவின் மற்றொரு சொல்லையும் மாற்றியாக வேண்டும். வந்து சேரும் ஒளித்துகள்களைப் பதியும் ஒளியுணர் குழாய் ஒன்று தன் உள்ளிரைச்சலாலேயே பொய்யான பதிவைத் தரக்கூடும் என்பதால், வரும் ஒளியைப் பிரித்து இரண்டு அல்லது மூன்று குழாய்களுக்கு அனுப்பி, அனைத்தும் ஒரே நேரத்தில் பதிந்தால் மட்டுமே ஏற்கிறார்கள். லிக் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் மூன்று குழாய்களை வைத்திருந்தனர். இம்முறையை வரைவு 'தற்செயல் பதிவு' என்கிறது. தற்செயலை விலக்குவதற்காகவே அமைந்த முறைக்கு அப்பெயர் நேர் எதிரானது. 'உடனிகழ்வுப் பதிவு' என்று திருத்தலாமா? மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லுடன் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.