புனலூர்த் தோட்டங்களில் மே 18 நினைவேந்தல் பொதுவில் நடக்க வேண்டுமா?

செங்கோட்டைவாசி:
கேரளத்துப் புனலூர் பக்கம் குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர் தோட்டங்களில் ஆண்டுதோறும் மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவேந்தலைப் பொதுநிகழ்வாக நடத்தலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அங்கிருப்போர் இந்தியாவும் இலங்கையும் 1964ஆம் ஆண்டு செய்துகொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்து குடியேறிய, இலங்கைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்கள். 2009இல் போரின் முடிவில் இலங்கையின் வடக்கே வன்னியில், முள்ளிவாய்க்காலில் நிகழ்ந்த இழப்பு அவர்களுடையது அன்று. மேடை என்று ஒன்று போட்டுவிட்டால் கொடியும் கட்சியும் வந்து சேரும். மாண்டவர்களைப் பற்றிப் பேச நேரம் இருக்காது.

ஆரியங்காவான்:
அண்ணாச்சி, மலையகத்தையும் வன்னியையும் அப்படிக் கோடு கிழித்துப் பிரிக்க முடியாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் தலைமன்னாரில் கப்பலேறி இங்கே வந்தார்கள். 1977 கலவரத்தில் அடிபட்ட வேறு பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடு திருத்திக் குடியமர்ந்தன. தோட்டத்தின் ஒரே லயத்தில், அதாவது வரிசைக் குடியிருப்பில், பிறந்த அண்ணன் புனலூரிலும் தம்பி கிளிநொச்சியிலுமாக வாழ்ந்திருக்கக்கூடும். அரசே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த கடலோரத்தில் எறிகணைகளுக்கு நடுவே சிக்கியவர்களில் இந்த மலையக வழியினரும் இருந்தார்கள். இறந்த குடிமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கூறியதே, அந்தக் கணக்கில் அவர்கள் இல்லையா?

செங்கோட்டைவாசி:
உறவை மறுக்கவில்லை, தம்பி. வீட்டில் விளக்கேற்றி அழலாமே, ஊரறிய எதற்கு என்பதே என் கேள்வி. 2022இல் கனடா நாடாளுமன்றம் மே 18ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்றது. இலங்கை அரசு அந்தச் சொல்லையே இன்றுவரை மறுக்கிறது. அந்தச் சர்ச்சையைத் தோட்டத்துக்குள் இழுத்து வந்தால், பால்வெட்டப் போகிறவர்களுக்கு அதனால் என்ன கிடைக்கும்?

ஆரியங்காவான்:
வீட்டுக்குள் அழச் சொல்வதைத்தான் இலங்கையிலும் செய்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பிறகே மீண்டும் எழுந்தது. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தவர்களையே கைது செய்தார்கள். அரிசியும் உப்பும் தண்ணீருமாக, முற்றுகைக்குள் பசித்தவர்கள் குடித்த கஞ்சி அது. அதற்குக்கூட அங்கே தடை என்றால், தடையில்லாத இந்த ஊரில் தெருவோரத்தில் ஒரு பானை வைப்பதே பொதுநிகழ்வுதான். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், தலைவர் படமும் வேண்டாம்.

செங்கோட்டைவாசி:
பானை மட்டும் என்றால் என் எதிர்ப்பில் பாதி குறையும். ஆனால் கோயில் கொடையிலேயே நன்கொடையாளர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்காமல் விடாத நம் ஊர்க்காரர்கள், அடுத்த ஆண்டு வரை பானையோடு நிற்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.