எக்செல் ஷீட்ல எரர் இல்ல, ஆனா விடை தப்பு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

நீலக்கோடு:
விலுக்கப் (VLOOKUP, ஒரு எண்ணைப் பட்டியல்ல தேடி அதே வரியில இருக்கிற விவரத்தை எடுத்துத் தர்ற ஃபார்முலா) எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். உதிரிபாகக் கிடங்கு வேலை. ஒரு ஷீட்ல தேவைப் பட்டியல், இன்னொண்ணுல இருப்பு. பாகத்தோட எண்ணைக் கொடுத்தா இருப்பு எவ்வளவுன்னு எடுத்துட்டு வரணும். ஃபார்முலா எழுதும்போது நாலாவது இடம் சதுர அடைப்புக்குள்ள தெரிஞ்சுது. சரி, போடாட்டியும் பரவாயில்லைன்னு நினைச்சு என்டர் தட்டினேன். மேல இருபது வரியைக் கையால ஒப்பிட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியா இருந்துச்சு. கீழ வரைக்கும் இழுத்து விட்டுட்டேன்.

மறுநாள் கூட்டம். நான் அச்செடுத்துக் கொடுத்த தாள்ல பி-118 பெல்ட் 42 இருக்குன்னு போட்டிருந்தது. கிடங்கைப் பார்த்துக்கிற பெரியவர் ஒண்ணும் பேசலை. எழுந்து போனார். அந்த பெல்ட் வைக்கிற தகர டப்பாவை எடுத்துட்டு வந்து, மூடியைத் திறந்து, என் தாளுக்குப் பக்கத்துலயே வெச்சார். உள்ள ஒண்ணுமே இல்ல. அடியில கொஞ்சம் துரு, அவ்வளவுதான்.

42ங்கிறது பி-117ஓட இருப்பு. நாலாவது இடத்தைக் காலியா விட்டா ட்ரூ போட்டதா அர்த்தம். அதாவது பட்டியல் ஏறுவரிசையில இருக்குன்னு நம்பி, நடுவுல திறந்து பாதி பாதியா ஒதுக்கித் தேடும். சரியான எண் கிடைக்கலைன்னா, அதைவிடச் சின்ன எண்கள்ல பெரியதோட விடையைக் கொடுத்துடும். எங்க பட்டியல்ல விடுபட்ட 40 எண்களை யாரோ கடைசியில சேர்த்திருந்தாங்க. வரிசையா இருந்த மேல்பகுதி சரியா வந்தது, நான் சரிபார்த்ததும் அந்தப் பகுதியைத்தான். இது நடந்து ஒரு மாசம் ஆச்சு. அந்த மூடி திறந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு.

இரவுப்பணி:
நீலக்கோடு சொன்ன டப்பாவைப் படித்ததும் என் கதையை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டி. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பல தடுப்பூசிகளுக்குச் சூட்டைவிட உறைதல் இன்னும் மோசம், உறைந்தால் வீண். சென்சார் தரும் அளவை டிகிரியாக மாற்றி லைன் சார்ட் போடும் ஷீட்டை நான்தான் செய்து கொடுத்தேன். அளவு வராத நேரத்தில் செல் காலியாகத் தெரியட்டும் என்று, =இஃப்(பி2="","",பி2/10) என எழுதியிருந்தேன்.

அந்த வெற்று மேற்கோள்குறி கண்ணுக்குக் காலி. சார்ட்டுக்கு அது காலி இல்லை, எழுத்து. எழுத்தை லைன் சார்ட் பூஜ்யமாக வரையும். ஒரு இரவு சென்சார் நான்கு முறை விட்டுவிட்டது. 5 டிகிரியில் நேராகப் போன கோடு நான்கு இடத்தில் செங்குத்தாகக் கீழே விழுந்து திரும்ப ஏறியிருந்தது. பணியில் இருந்தவர் அதைப் பார்த்து, விதிப்படி செய்ய வேண்டியதைச் செய்தார். நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பெட்டிகளை ஒதுக்கிச் சிவப்பு மையில் 'பயன்படுத்தாதே' என்று எழுதிவிட்டார்கள். எழுதியவர் மேல் தவறே இல்லை. படம் சொன்னதை அவர் நம்பினார்.

இப்போது "" இருந்த இடத்தில் என்ஏ() ('விவரம் இல்லை' என்னும் எரர்) போடுகிறேன். கோடு விழாது. ஷீட்டில் #என்/ஏ என்று தெரியும், தெரியட்டும். ஆனால் அந்த நெடுவரிசைக்குச் சராசரி எடுத்தால் அதுவும் #என்/ஏ ஆகிவிடும். அதற்கு =அக்ரிகேட்(1,6,சி2:சி500). 1 என்றால் சராசரி, 6 என்றால் எரர் உள்ள செல்களை விட்டுவிடு.

மூணாம்_நெடுவரிசை:
விலுக்கப்போட நாலாவது இடத்துல ஃபால்ஸ் (சரியான பொருத்தத்தை மட்டும் தேடுன்னு அர்த்தம்) போட்டா எல்லாம் சரியாயிடும்னு யாரும் நினைச்சுடாதீங்க. நான் ஃபால்ஸ் போட்டுத்தான் மாட்டினேன். மதிப்பெண் சான்றிதழ், மூணாவது நெடுவரிசையில மதிப்பெண், அதனால ஃபார்முலாவுல எந்த நெடுவரிசைன்னு சொல்ற இடத்துல 3. யாரோ நடுவுல பிறந்த தேதிக்கு ஒரு நெடுவரிசை நுழைச்சுட்டாங்க. மதிப்பெண் நாலாவது இடத்துக்குப் போயிடுச்சு, என் 3 மட்டும் 3ஆவே நின்னுச்சு.

தேதி உள்ளுக்குள்ள வெறும் எண்தானே. 2008 ஜனவரி 1ன்னா 39448. ஒரு பொண்ணு சான்றிதழை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "சார், எனக்கு 39448 மார்க்கா?"ன்னு கேட்டுச்சு. விளையாட்டுக்கு இல்ல, நிஜமாவே கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி வாங்கிட்டுப் போன பிள்ளைங்க எத்தனை பேர் கேட்காம போச்சுங்களோ.

விலுக்கப்பையே விட்டுடுங்க. இண்டெக்ஸ்-மேட்ச் எழுதுங்க, எந்த வரின்னு மேட்ச் தேடும், அந்த வரியில இருக்கிறதை இண்டெக்ஸ் எடுக்கும். எந்த நெடுவரிசை வேணுமோ அதையே நேரா காட்டுறோம், நடுவுல எத்தனை நுழைச்சாலும் அது கூடவே நகரும்.

இரவுப்பணி:
@மூணாம்_நெடுவரிசை, மேட்ச்சிலும் மூன்றாவது இடத்தை விட்டுவிட்டால் அது 1 (பட்டியல் ஏறுவரிசை என்று நம்பித் தேடு) என்றே எடுத்துக்கொள்ளும். நீலக்கோடு விழுந்த அதே குழி. சரியான பொருத்தத்துக்கு 0 போட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதிய பதிப்பு உள்ளவர்களுக்கு இதே தேடலைச் செய்யும் எக்ஸ்லுக்கப் இருக்கிறது, அது எதுவும் சொல்லாவிட்டால் சரியான பொருத்தத்தை மட்டுமே தேடும். எக்செல் 2016, 2019 வைத்திருப்பவர்களிடம் ஃபைல் போனால் அது வேலை செய்யாது.

கோ_அல்ல_க:
தமிழ்ல பேர் இருக்கிற ஷீட் வெச்சிருக்கிறவங்க இதைப் படிங்க.

ஒரு கருத்தரங்குக்குப் பேர் அட்டை அடிச்சேன். முன்னெழுத்து வேணும்னு தகப்பனார் பேர்ல இருந்து =லெஃப்ட்(பி2,1), அதாவது தொடக்கத்துல இருக்கிற ஒரு எழுத்தை எடுத்தேன். முன்னூறு அட்டை. காலையில வரவேற்பு மேசையில ஒரு அம்மா அட்டையை வாங்கிப் பார்த்தாங்க. என் கையில இருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, 'க'வுக்கு முன்னாடி ஒரு இரட்டைச் சுழிக் கொம்பைப் போட்டு, பின்னாடி காலும் போட்டு 'கோ' ஆக்கிக் கழுத்துல மாட்டிக்கிட்டாங்க. "அப்பா பேர் 'கோ'வில தொடங்கும்மா"ன்னாங்க. கோபமே இல்ல. அதுதான் எனக்குத் தாங்கலை.

நம்ம கண்ணுக்கு 'கோ' ஒரு எழுத்து. கணினிக்கு 'க' ஒண்ணு, ஓகாரக் குறி இன்னொண்ணு. 'தமிழ்'னு அடிச்சு =லென் (எத்தனை எழுத்துன்னு எண்ணும்) போட்டுப் பாருங்க, 5 வரும். லெஃப்ட்ல 2 கேட்டா 'தம' வரும், 'தமி' வராது. தமிழ் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோட்ல (ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கிற முறை) 3006க்கும் 3021க்கும் நடுவுல இருக்கு. அதனால ரெண்டாவது இடத்துல இருக்கிறது குறியான்னு முதல்ல பார்த்து, குறின்னா 2, இல்லைன்னா 1 எடுக்கணும் (மிட் அந்த இடத்து எழுத்தை எடுக்கும், யூனிகோட் அதோட எண்ணைச் சொல்லும்):

=லெஃப்ட்(பி2,இஃப்(அண்ட்(யூனிகோட்(மிட்(பி2,2,1))>=3006,யூனிகோட்(மிட்(பி2,2,1))<=3021),2,1))

பழைய எழுத்துருவுல இருந்து மாத்தின ஃபைலா இருந்தா 'கோ'வே க, கொம்பு, கால்னு மூணு துண்டா கிடக்கும். அப்போ 2 எடுத்தாலும் 'கே'தான் வரும். அந்த ஃபைலை முதல்ல லென் போட்டுச் சோதிங்க.

கடைசி_இலக்கம்:
என்னுடையது சின்னது. 16 இலக்க அடையாள எண்கள். எண்ணாக வைத்தால் 15 இலக்கத்துக்குப் பிறகு பூஜ்யம் ஆகிவிடும் என்று தெரிந்து, எழுத்தாகத்தான் வைத்திருந்தோம். இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க, ஒரு எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் போட்டேன். செல் எழுத்தாக இருந்தாலும் கவுண்ட்இஃப் அதை எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடுகிறது என்று அப்போது தெரியாது. கடைசி இலக்கம் மட்டும் வேறான அக்கா தம்பி இருவருக்கும் 2 என்று காட்டியது. தம்பியை நீக்கிவிட்டேன். அவன் வரிசையில் நின்று, முறை வந்தபின் பெயர் இல்லை என்று சொல்லப்பட்டுத் திரும்பினான். அக்கா மறுநாள் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடைசி இலக்கத்தில் விரல் வைத்துக் காட்டினாள்.

=சம்ப்ராடக்ட்(--(ஏ$2:ஏ$900=ஏ2)) எழுத்தை எழுத்தாகவே ஒப்பிடும்.

மேசைக்கணக்கு:
எனக்கு நடந்தது ஒரு வரியில் அடங்கும். இரண்டு கூட்டுத்தொகையும் கண்ணுக்கு ஒன்றாகவே இருந்தும் சோதனைச் செல் 'பொருந்தவில்லை' என்றே சொன்னது, ஒரு மாலை முழுவதும் போனது. =1*(0.5-0.4-0.1) போட்டால் பூஜ்யம் வராது, ஏறக்குறைய -2.78ஐப் பத்தின் -17 அடுக்கால் பெருக்கிய எண் வரும். இரண்டு தசம இடத்தோடு நிறுத்தும் ரவுண்ட்(…,2) போட்டதும் பொருந்தியது.

ஆனால் மேலே உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. நீங்கள் எல்லோரும் ஃபார்முலாவைத் திருத்துகிறீர்கள், பழக்கத்தைத் திருத்தவில்லை. முதலில், மேல் இருபது வரியைச் சரிபார்க்காதீர்கள். மேலே ஐந்து, நடுவே ஐந்து, கடைசியில் ஐந்து பாருங்கள். இரண்டாவது, நீண்ட ஃபார்முலாவில் சந்தேகம் வந்தால் அந்தத் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்9 தட்டினால் அதன் விடை அங்கேயே தெரியும், பார்த்துவிட்டு எஸ்கேப் தட்டுங்கள், என்டர் தட்டினால் விடை அங்கேயே உறைந்துவிடும். மூன்றாவது, கூட்டல், சராசரியின் எல்லை கடைசி வரி வரை போகிறதா என்று செல்லை இரண்டு முறை தட்டி நிறப்பெட்டியைப் பாருங்கள். ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்களின் 2010 ஆய்வில் சராசரி ஃபார்முலா 20 நாடுகளில் 5ஐ விட்டுவிட்டிருந்தது. தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அந்த ஷீட்டையே கேட்டு வாங்கிப் பார்த்தபின் 2013இல் அது வெளியே வந்தது. அவர்களுக்கே நடந்திருக்கிறது. நான்காவது, சார்ட்டுக்கு மாதா மாதம் எல்லையை இழுக்காதீர்கள். எத்தனை செல் நிரம்பியிருக்கிறது என்று எண்ணும் கவுண்ட்ஏவையும், அந்த அளவுக்கு எல்லையைப் பிடிக்கும் ஆஃப்செட்டையும் சேர்த்து அந்த எல்லைக்கு ஒரு பெயர் வரையறுத்து அதைச் சார்ட்டுக்குக் கொடுங்கள், தானாக நீளும். ஐந்தாவது, வெளியே போகும் எல்லா ஃபார்முலாவையும் இஃப்எரருக்குள் போட்டு எரர் வந்தால் 0 என்று வைத்துவிடுங்கள். பார்ப்பவர் பதற மாட்டார்.

கடைசி_மாதம்:
@மேசைக்கணக்கு, வயதில் பெரியவராக இருப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் ஐந்தாவது அறிவுரையை யாரும் பின்பற்ற வேண்டாம். பதற வேண்டிய இடத்தில் பார்ப்பவர் பதறத்தான் வேண்டும். கண்டுபிடிக்க முடியாத பாகத்துக்கு 0 என்று காட்டுவதும் பொய்தான், நீலக்கோடுக்கு 42 காட்டிய பொய்யைப் போலவே. இரவுப்பணி அவ்வளவு சொல்லியும் பூஜ்யத்தையே போடச் சொல்கிறீர்களே.

நான்காவதும் என்னை அடித்ததுதான். ஆஃப்செட்-கவுண்ட்ஏ முறையில் மாதாந்திரப் புகார் எண்ணிக்கைக்குச் சார்ட் வைத்திருந்தேன். கவுண்ட்ஏ நிரம்பிய செல்களை மட்டும் எண்ணும். நடுவில் ஒரு மாதத்துக்கு விவரம் வராமல் செல் காலியாக இருந்தது. எண்ணிக்கை ஒன்று குறைந்தது, சார்ட்டின் வாலில் ஒரு மாதம் காணாமல் போனது. அந்தக் கடைசி மாதத்தில்தான் புகார் இரண்டு மடங்காகியிருந்தது. திரையில் கோடு சமமாக முடிந்தது. 'நிலைமை கட்டுக்குள் இருக்கிறது' என்று தலைமை சொல்ல, எல்லோரும் அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். நான் அறையின் பின்வரிசையில் இருந்தேன். கீழ் அச்சில் மாதப் பெயர்களை எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறது என்று கண்டபோது விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

தரவைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல்-டி (T) தட்டி டேபிளாக மாற்றுங்கள், சார்ட்டை அதன் மேல் போடுங்கள். கீழே ஒரு வரி சேர்த்தால் சார்ட்டும் சேர்ந்து நீளும், நடுவில் காலி இருந்தாலும் வால் அறுபடாது.

மேசைக்கணக்கு:
இஃப்எரர் பற்றி நீங்கள் சொல்வது சரி, பூஜ்யம் போடச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 'கிடைக்கவில்லை' என்று எழுத்தாகக் காட்டலாம். ஆஃப்செட்டை விடமாட்டேன். கடைசி 12 மாதம் மட்டும் காட்ட வேண்டும் என்றால் வெறும் டேபிள் போதாது. எண்ணுவதைத் தொகை நெடுவரிசையில் செய்யாமல் மாதப் பெயர் நெடுவரிசையில் செய்தால் காலி வராது.

கடைசி_மாதம்:
அது நியாயம். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நீலக்கோடு:
எல்லாரும் எழுதினதைப் படிச்சுட்டு நேத்து ராத்திரி அந்தப் பழைய ஷீட்டைத் திறந்தேன். பக்கத்துல ஒரு நெடுவரிசையில நாலாவது இடத்துல ஃபால்ஸ் போட்டு அதே தேடல், அதுக்குப் பக்கத்துல ரெண்டும் ஒண்ணான்னு ஒரு சோதனை. பி-118ஐச் சேர்த்து ஒன்பது வரி பொருந்தலை. ஒன்பதும் கடைசியில சேர்த்த எண்கள்தான்.

காலையில பெரியவர்கிட்ட சொன்னேன். அவர் மேசை இழுப்பறையில இருந்து, அன்னைக்கு நான் கொடுத்த தாளையே எடுத்தார். பென்சில்ல வட்டம் போட்டு, பக்கத்துல சரியான எண்ணும் எழுதி வெச்சிருந்தார். ஏழு வட்டம். ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "நீ கேக்கலையேப்பா"ன்னார். மீதி ரெண்டு டப்பாவும் மேல் அடுக்குல இருக்கு, ஏணி வேணும். சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து இறக்கி எண்ணப் போறோம்.