பொருள்: ‘என்டரோகிராபி’க்குத் தமிழ்ச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

மொழிபெயர்ப்பாளர், பாளையங்கோட்டை (திங்கள் காலை)

குழுவினருக்கு வணக்கம். சிறுகுடலில் குரோன் நோய் (குடற்சுவரில் வரும் நாட்பட்ட அழற்சி) உள்ளவர்களுக்கான நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உணவு, மாத்திரை, ஊசி பற்றிய பக்கங்கள் முடிந்துவிட்டன. மூன்றாம் பக்கத்தில் நிற்கிறேன். நோய் அடங்கியிருக்கிறதா, மறுபடி கிளம்புகிறதா என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அல்ட்ராசவுண்ட், சி.டி. என்டரோகிராபி, எம்.ஆர். என்டரோகிராபி ஆகிய மூன்றையும் கையேடு ஒப்பிடுகிறது. என்டரோகிராபி என்றால் சிறுகுடலை விரியச் செய்து எடுக்கும் படம். நம் பக்கத்தில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான்: ஸ்கேன். ஒரே பெயரை வைத்துக்கொண்டு எதை எதோடு ஒப்பிடுவது?

முதலில் ‘குடல் வரைவியல்’ என்று எழுதினேன். இயல் என்றால் துறை. நோயாளி படுத்து எடுத்துக்கொள்ளும் சோதனைக்கு அது ஒட்டவில்லை. ‘குடல்வரைவு’ என்று சுருக்கியும் மனம் ஒப்பவில்லை.

கதிரியல் மருத்துவர், திருநெல்வேலி டவுண் (திங்கள் இரவு)

சொல்லுக்கு முன் செயலைச் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றோடு வருபவர் மானிட்டால் போன்ற இனிப்புப் பொருள் கலந்த நீரை ஒரு லிட்டருக்குக் குறையாமல், முக்கால் மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். சுருங்கிக் கிடக்கும் குடலின் சுவர் நோயில்லாமலேயே தடித்துக் காட்டும். நீரால் விரிந்தால்தான் உண்மை தெரியும். என்டரோகிராபியின் உயிரே இந்தக் குடிப்புதான்.

அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் இதுவும் வேண்டாம். வயிற்றின் மேல் கருவியை மெல்ல அழுத்திக் குடற்சுவரை அளக்கிறோம். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் கூர்ந்து பார்க்கிறோம். பிரிட்டனின் 8 மருத்துவமனைகளில் நடந்து 2018இல் வெளியான ‘மெட்ரிக்’ ஆய்வில் இதையும் எம்.ஆரையும் ஒப்பிட்டார்கள். சிறுகுடலில் நோய் இருப்பதைக் கண்டுபிடித்ததில் எம்.ஆர். நூற்றுக்கு 97, அல்ட்ராசவுண்ட் 92. எந்தெந்த இடம் வரை பரவியிருக்கிறது என்பதில் 80, 70. இடுப்புக்குழிக்குள் இறங்கிக் கிடக்கும் குடல் அல்ட்ராசவுண்டுக்கு எளிதில் அகப்படாது. பார்ப்பவரின் கைப்பழக்கமும் வேண்டும். சி.டி. சில நொடிகளில் முடியும், அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் அது எக்ஸ்ரே கதிர். 20 வயதில் நோய் வந்த பிள்ளைக்கு அதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொடுக்க எனக்கு மனம் வராது.

குடிப்பது பெயரிலேயே இருக்கட்டும். ‘குடிநீர்க் குடற்படம்’ எப்படி?

சித்த மருத்துவர், பாளையங்கோட்டை (செவ்வாய்)

டாக்டர் ஐயா, ‘குடிநீர்’ எங்கள் சொல். நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர் என்று ஊரே அறியும். ‘குடிநீர்க் குடற்படம்’ என்று அச்சடித்தால், குடலுக்குக் கசாயம் தருகிறார்கள் என்று நம்பி வருவார்கள். வந்த பிறகு இனிப்புத் தண்ணீரைக் கொடுத்தால் ஏமாற்றமாகிவிடும்.

இன்னொன்று. நோய்க்கே தமிழில் பெயர் இருக்கும்போது குரோன் எதற்கு? ‘கிராணி’ என்று எழுதலாமே.

கதிரியல் மருத்துவர் (செவ்வாய் இரவு)

குடிநீரை விட்டுவிடுகிறேன். கிராணியை ஏற்க முடியாது. நாட்பட்ட கழிச்சல் எதற்கும் அந்தப் பெயர் பொருந்தும். குரோன் நோயில் கழிச்சலே இல்லாமல் வலியும் அடைப்பும் மட்டும் வருபவர்கள் உண்டு. குடல் காசநோய் வேறு இதைப் போலவே தோற்றம் காட்டும். மருந்தோ நேர் எதிர். பெயர் மயங்கினால் சிகிச்சையும் மயங்கும். குரோன் என்பது 1932இல் இந்த நோயை விவரித்த மூவரில் ஒருவரின் பெயர். அப்படியே இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அம்பாசமுத்திரம் (புதன் அதிகாலை)

‘ஸ்கேன்’ என்பதை நான் எழுதமாட்டேன். ஒற்றெழுத்து தமிழில் மொழிமுதல் ஆகாது. எங்கள் தெருவில் பெரியவர்கள் ‘இஸ்கேன்’ என்கிறார்கள். இலக்கணம் படிக்காத நாவுக்கே அந்த விதி தெரிகிறது.

குடல் என்ற சொல்லைப் பாருங்கள். ‘குட’ என்றால் வளைவு என்பது என் துணிபு. குடம், குடை, குடங்கை எல்லாம் வளைந்தவை. பழைய வடிவம் ‘குடர்’; லகரமும் ரகரமும் இடம் மாறிப் போலியாக வரும். வானம் வளைந்து மண்ணில் இறங்கும் மேற்குத் திசை குடக்கு. நம் பொருநையும் (தாமிரபரணி) குடக்கில் பிறந்து வளைந்து வளைந்துதான் கடலுக்குப் போகிறது. வளைவு அந்தப் பெயரிலேயே இருக்கும்போது, ‘வரைவு’ என்று கோடு ஒன்றை மட்டும் சேர்த்தால் போதும். ‘குடல்வரைவு’ என்பதே என் வாக்கு. அம்மா, முதலில் தோன்றிய சொல்லை நீங்கள் கைவிட்டிருக்கக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர் (புதன்)

ஐயா, அகப்பொருளில் வரைவு என்றால் திருமணம் என்று எனக்குச் சொல்லித் தந்தவர்களே உங்களைப் போன்றவர்கள்தாம். வரைவு கடாதலை, அதாவது மணம் முடிக்கும்படி தலைவனைத் தூண்டுவதை, படித்தவருக்கு இடறும். படிக்காதவருக்குப் புரியாது.

எம்.ஆர். அறை ஊழியர் (புதன் இரவு)

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் அறைக்குள் போவதற்கு முன் தாலிக்கொடி, மெட்டி, அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறோம். தாலிக்கொடியில் ஊக்குகள் தொங்கும். போன வாரம் ஓர் ஆச்சியின் கொடியில் ஐந்து ஊக்குகள் இருந்தன. ‘ஸ்கேன்தானே தம்பி, போன மாதம் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டுதானே படுத்தேன்?’ என்றார். போன மாதம் அவர் படுத்தது அல்ட்ராசவுண்டுக்கு. அவர் பொய் சொல்லவில்லை. பெயர் ஒன்றாக இருந்ததால் வந்த வினை. எம்.ஆருக்கு என்ன பெயர் வைத்தாலும் அதில் ‘காந்தம்’ இருக்கட்டும். காந்தம் இரும்பை இழுக்கும் என்று ஆச்சிக்கும் தெரியும்.

ஒரு நோயாளியின் அக்கா, சங்கரன்கோவில் (வியாழன்)

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். என் தங்கைக்கு இந்த நோய் வந்தபோது வயது 19. எங்கள் தெருவில் ஸ்கேன் என்றால் பிள்ளைத்தாய்ச்சிக்கு எடுப்பது. ‘கல்யாணமாகாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஸ்கேனுக்கு ஏன் அலைகிறார்கள்’ என்று பால் வாங்க வந்த இடத்தில் ஒருத்தி கேட்டாள். வயிற்றில் ஜெல் தடவிப் பார்ப்பதையும் சேர்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு தங்கை ஏழு மாதம் மருத்துவமனைப் பக்கமே வரவில்லை. மறுபடி வந்தது, குடல் குறுகி அடைத்த பிறகுதான்.

ஒலியோ காந்தமோ எதையும் வையுங்கள். முதலில் ‘குடல்’ என்று எழுதுங்கள். சீட்டைப் பிடுங்கிப் படிப்பவளுக்கும் அது கண்ணில் படட்டும்.

மொழிபெயர்ப்பாளர் (வியாழன் இரவு)

இந்த மடலைப் படித்ததும் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டுத் தொடங்கினேன். ‘குடல் ஒலிப்படம்’, ‘குடல் காந்தப்படம்’, ‘குடல் கதிர்ப்படம்’. ஒலிக்குக் கதிர்வீச்சு இல்லை, காந்தத்துக்கும் இல்லை, மூன்றாவதற்கு உண்டு. இது பெயரிலேயே தெரிகிறது. நீர் குடிப்பதைப் பெயரில் நுழைக்க முடியவில்லை. அடுத்த வரியில் அளவோடு எழுதிவிட்டேன். படமெடுக்கும் இடத்தில் ‘காந்தப்படம்’ என்று கேட்டால் வரவேற்பில் விழிப்பார்கள் என்று டாக்டர் ஐயா தொலைபேசியில் சொன்னார். அதனால் ஒவ்வொன்றின் கீழும் ‘சீட்டில் எம்.ஆர்.இ. (எம்.ஆர். என்டரோகிராபி) என்று இருக்கும்’ என்பது போல ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

ஊழியத் தம்பியும் அக்காவும் சித்த மருத்துவரும் சரி என்றுவிட்டார்கள். கதிரியல் மருத்துவர் ‘இப்போதைக்கு’ என்றார். நாளை காலை பத்து மணிக்கு அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர், அம்பாசமுத்திரம் (வெள்ளி, காலை 8 மணி)

அந்தப் பெண்ணுக்காக ‘வரைவு’ என்பதை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ‘ஒலிப்படம்’ என்றால் பேசும்படம் என்று நினைக்க இடமுண்டு. ‘மீயொலிப்படம்’ என்றாவது ஆக்குங்கள். அடுத்தது, ‘குடல் காந்தப்படம்’ என்று பிரித்து எழுதியிருப்பது தவறு. வேற்றுமைப் புணர்ச்சியில் லகரம் றகரமாகும்: குடற்காந்தப்படம். குடல் என்ற சொல் கண்ணில் பட வேண்டும் என்பீர்கள். அரசுப் பள்ளிகளில் ஆண்டுதோறும் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கிறார்கள். புழு எங்கே இருக்கிறது என்று இதுவரை எந்தப் பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. பத்து மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது அம்மா.

மொழிபெயர்ப்பாளர் (வெள்ளி, காலை 11 மணி)

ஐயா, உங்கள் மடலை இப்போதுதான் பார்த்தேன். கோப்பு போய்விட்டது. குடற்புழுவுக்கு என்னிடம் பதில் இல்லை.