புராஜெக்ட் பணம் வந்துவிட்டது, செலவழிக்கத்தான் வழி தெரியவில்லை. மார்ச் 31க்குள் என்ன செய்யலாம்?

மின்முனை:

வணக்கம். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. மூன்று முறை எழுதிப்போட்டு போன வருடம்தான் முதல் புராஜெக்ட் கிடைத்தது. மத்திய அரசு நிதி, மூன்று வருடம், மொத்தம் 38 லட்சம். சாங்ஷன் லெட்டர் வந்த அன்று துறையில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். இன்றுவரை தடையில்லாமல் செலவானது அந்த லட்டுக் காசு மட்டும்தான், அதுவும் என் சொந்தக் காசு.

ஆணை வந்தது ஜூலையில். திட்டத்துக்கென்று தனியாக ஜீரோ பேலன்ஸ் கணக்கு திறக்க வேண்டும் என்றார்கள். பதிவாளர் கையெழுத்து, நிதி அலுவலர் கையெழுத்து, வங்கிக்காரர் கேட்ட தீர்மான நகல் என்று நவம்பர் வந்துவிட்டது. முதல் வருடத்துக்கு 17 லட்சம் வரை செலவழிக்கலாம் என்று வரம்பு ஏறியது. அதில் பெரிய செலவு ஒரு பொட்டன்ஷியோஸ்டாட், மின்வேதியியல் ஆய்வுக்கான கருவி, 9.4 லட்சம். மூன்று கொட்டேஷன் வாங்கி ஃபைல் போட்டேன். இரண்டு வாரம் கழித்து "ஜெம்மில் பார்க்கப்பட்டதா?" என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தது. ஜெம் என்பது அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் இணையச் சந்தை. பார்த்தேன், எனக்கு வேண்டிய தரத்தில் அங்கே இல்லை என்று எழுதி மறுபடி அனுப்பினேன். இந்த முறை "உரிய சான்று இணைக்கவும்". எந்தச் சான்று என்று எழுதவில்லை. செக்‌ஷனில் நேரில் போய்க் கேட்டால், அந்த சீட்டில் இருந்தவர் தேர்வுப் பிரிவுக்கு மாறிவிட்டார், புதிதாக வந்தவர் "நீங்கதான் மேடம் சொல்லணும்" என்கிறார்.

இப்போது ஜனவரி பாதி. மார்ச் 31க்குள் செலவாகாத வரம்பு திரும்பிப் போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். டிசம்பரில் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்த பையனுக்கு இன்னும் சம்பளம் போடவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் பல்கலையில் ஆராய்ச்சிக்கென்று ஓர் இயக்குநரும் அறையும் உண்டு, ஆனால் அங்கே நடப்பது பிஎச்டி பதிவும் வைவா தேதியும்தான்.

இந்த மெஷினைக் காப்பாற்ற முடியுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். சாங்ஷனில் ஓவர்ஹெட் என்று, அதாவது பல்கலையின் நிர்வாகச் செலவுக்கென்று, 3 லட்சத்துக்கு மேல் போட்டிருக்கிறார்கள். டைப் அடிப்பது, ஃபைல் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது எல்லாம் நான்தான் என்றால் அந்தப் பணம் யாருக்கு?

கரிசல்_பௌதிகம்:

மேடம், முதலில் பதறாதீர்கள். மார்ச் 31ஆம் தேதி வரம்பு போவதும் புராஜெக்ட் போவதும் ஒன்றல்ல. முன்பெல்லாம் பணம் பல்கலையின் கணக்கிலேயே வந்து உட்கார்ந்துவிடும், மிச்சத்தை அனுமதி வாங்கி அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். இப்போது பணம் அரசிடமே இருக்கிறது, உங்களிடம் இருப்பது செலவழிக்கும் உரிமை மட்டும், அது நிதியாண்டோடு முடிகிறது. ஏப்ரலுக்குப் பிறகு யூசியும், அதாவது பணத்தைப் பயன்படுத்தியதற்கான சான்றும், செலவு அறிக்கையும் அனுப்பினால் மறுபடி வரும். ஆனால் எனக்கு ஒருமுறை அது வர செப்டம்பர் ஆனது, நடுவில் ஆறு மாதம் ஆய்வகத்தில் ஈ ஓட்டினோம். அதனால் முடிந்தவரை இந்த வருடமே முடியுங்கள்.

ஒரு சந்தேகம். 9.4 லட்சம் என்பது ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? ஆராய்ச்சிக் கருவிகளுக்கு 2017 நவம்பர் முதல் 5 சதவீதம் என்று ஒரு சலுகை இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பழைய புரொபோசலைப் பார்த்து பட்ஜெட் போட்டவர்கள் நிறையப் பேர் இதில்தான் மாட்டினார்கள்.

மின்முனை:

சார், இப்போதுதான் கொட்டேஷனை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கீழே பொடி எழுத்தில் "வரிகள் தனி". 18 சதவீதம் சேர்த்தால் 11.09 லட்சம். பட்ஜெட்டில் எனக்கு உபகரணத் தலைப்பில் இருப்பதே 10 லட்சம். ஃபைல் இரண்டு முறை மேலே போய் வந்தும் இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, நான் உட்பட.

ஓய்வு_கண்காணிப்பாளர்:

அம்மா, நான் ஒரு பல்கலையின் கணக்குப் பிரிவில் முப்பது வருடம் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். உங்கள் ஃபைலைத் திருப்பி அனுப்புகிற ஆட்களில் ஒருவனாக இருந்தவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒற்றை வரியில் கேள்வி போட்டு அனுப்புவது சோம்பேறித்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த சீட்டில் இருப்பவருக்கு உங்கள் மெஷின் என்னவென்று தெரியாது, புராஜெக்ட் விதிகளை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் கிடையாது. நேற்றுவரை விடைத்தாள் கட்டு எண்ணிக்கொண்டிருந்தவர். அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம், தணிக்கைத் தடை வந்தால் ஓய்வுக்காலப் பணம் நிற்கும் என்பது. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு, அவர் பதினொரு வருடம் முன்னால் கையெழுத்துப் போட்ட ஒரு வவுச்சருக்காக, பணிக்கொடை எட்டு மாதம் நின்றது. அதைக் கண்ணால் பார்த்தவன் எவனும் தெரியாத காகிதத்தில் சுலபமாகக் கையெழுத்துப் போடமாட்டான். ஆகவே அவர் பயப்படத் தேவையில்லாத மாதிரி ஃபைலை நீங்கள் கட்டிக்கொடுக்க வேண்டும். அது உங்கள் வேலை இல்லைதான், ஆனால் ஜனவரியில் அதைப் பேசி என்ன ஆகப்போகிறது.

முதல் பக்கத்தில் எந்த விதிப்படி வாங்குகிறோம் என்று எழுதுங்கள். சாங்ஷன் லெட்டரோடு வந்த நிபந்தனைகளை எடுத்துப் பாருங்கள், பொது நிதி விதிகள் 2017ஐப் பின்பற்ற வேண்டும் என்று இருக்கும். பல்கலைக்கோ மாநில அரசின் 1998ஆம் வருட டெண்டர் சட்டம் இருக்கிறது. இரண்டும் மோதுகிற மாதிரித் தெரியும்போதுதான் ஃபைல் படுத்துக்கொள்ளும். நிபந்தனைப் பக்கத்தின் நகலை வைத்து, அந்த வரியில் பென்சிலால் கோடு போட்டு அனுப்புங்கள். பென்சில் கோட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நாற்பது பக்கத்தில் எதைப் படிக்க வேண்டும் என்று மேலே இருப்பவருக்கு அதுதான் காட்டும்.

அடுத்து ஜெம். "பார்த்தேன், இல்லை" என்று நீங்கள் எழுதினால் செல்லாது. அந்தப் பொருள் அங்கே கிடைக்கவில்லை என்பதற்கு அந்தத் தளத்திலேயே ஓர் அறிக்கை எடுக்கலாம், அதற்குத் தனி எண்ணும் விழும். உங்களிடம் கேட்ட "உரிய சான்று" அதுவாகத்தான் இருக்கும். உங்கள் துறையில் யாருக்கும் ஜெம் லாகின் இல்லையென்றால் கொள்முதல் பிரிவில் கட்டாயம் ஒருவருக்கு இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டு வாருங்கள்.

குறிப்பிட்ட கம்பெனிதான் வேண்டும் என்றால் தனியுரிமைப் பொருள் சான்று, அதாவது பிஏசி, எழுத வேண்டும். அதில் "இது தரமானது" என்று எழுதாதீர்கள், எல்லோரும் எழுதுகிற வரி அது, தணிக்கையர் அதைப் பார்த்தாலே சிரிப்பார். வேறு கம்பெனிக் கருவி உங்கள் ஆய்வுக்கு ஏன் ஆகாது என்று அளவுகளோடு நான்கு வரி எழுதுங்கள். மூன்று கம்பெனியில் எது வந்தாலும் பரவாயில்லை என்றால் பிஏசி பக்கமே போக வேண்டாம், ஒப்பீட்டுப் பட்டியல் போதும்.

2025 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் அறிவியல் நிறுவனங்களுக்குக் கொள்முதல் வரம்புகளை உயர்த்தியது தெரியுமா? கொட்டேஷன் இல்லாமல் வாங்குவது 1 லட்சத்திலிருந்து 2 லட்சம், கொள்முதல் குழு வழியாக வாங்குவது 10 லட்சத்திலிருந்து 25 லட்சம். ஆராய்ச்சிக் கருவிகளை ஜெம்முக்கு வெளியே வாங்கவும் நிறுவனத் தலைவருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். ஆனால் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். உங்களுடையது மாநிலப் பல்கலை. அந்த ஆணையை உங்கள் சிண்டிகேட், அதாவது பல்கலையின் ஆட்சிக்குழு, ஏற்றுத் தீர்மானம் போட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். போட்டிருந்தால் 11 லட்சம் ஆனாலும் குழு வழியிலேயே போகலாம். போடவில்லை என்றால் 10 லட்சத்துக்குள் முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

வரிக்கு வருகிறேன். உபகரணத் தலைப்பில் போதாததை வேறு தலைப்பிலிருந்து எடுக்க நிதி கொடுத்தவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும், கடிதம் போய் வர மார்ச் தாண்டிவிடும். கம்பெனியிடமே பேசுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் அவர்களுக்கும் ஆண்டுக் கணக்கு முடிக்கும் அவசரம் உண்டு, விலை இறங்குவார்கள். உடன் வரும் சில்லறைச் சாமான்களைக் கழித்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்து வரம்பைக் காலி செய்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தனியார் கம்பெனிக்கு 30 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கொடுக்க விதியில் இடமில்லை. பொருள் வந்து, ஸ்டாக் என்ட்ரி போட்டு, பில்லின் பின்பக்கம் பதிவேட்டுப் பக்க எண் எழுதிய பிறகுதான் மிச்சம்.

அரை_முனைவர்:

நான் இன்னொரு ஊரில் புராஜெக்ட் ஜேஆர்எஃப். மேடம், உங்கள் மாணவன் சார்பில் ஒன்று சொல்கிறேன். மெஷின் ஃபைலையும் சம்பள ஃபைலையும் ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். எங்கள் சார் ஒரே குறிப்பில் இரண்டையும் எழுதினார், மெஷினில் கேள்வி வந்தது, அதனுடன் என் சம்பளமும் ஐந்து மாதம் நின்றது. 2023 ஜனவரியிலிருந்து 31,000 என்பதை 37,000 ஆக்கினார்கள் என்று ஊரே வாழ்த்துச் சொன்னது. கையில் வராத பணம் எவ்வளவாக இருந்தால் என்ன, மெஸ்காரர் அக்கா மட்டும்தான் என்னை நம்பினார். பணி நியமன ஆணை, சேர்ந்த அறிக்கை, நெட் சான்றிதழ், வங்கி விவரம் நான்கையும் தனி ஃபைலாகப் போட்டால் அது தானாக நடக்கும். மாதாமாதம் வருகைச் சான்று மட்டும் மறக்காமல் கொடுங்கள், எங்கள் சார் மறப்பது அதைத்தான்.

அட்லாண்டா_ஆறுமுகம்:

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லையே. நான் இங்கே அமெரிக்காவில் ஒரு பல்கலையில் போஸ்ட்டாக், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர். இங்கே எங்கள் துறைக்கென்றே ஒரு அம்மா இருக்கிறார், பட்ஜெட் போடுவது, விண்ணப்பத்தை அப்லோட் செய்வது, செலவு எந்தத் தலைப்பில் போகும் என்று பார்ப்பது எல்லாம் அவர்தான். அவருக்குச் சம்பளம் எங்கிருந்து? நீங்கள் சொன்ன அதே ஓவர்ஹெட்தான். இங்கே ஒவ்வொரு பல்கலையும் மத்திய அரசோடு பேசி விகிதம் வைத்திருக்கிறது, பெரிய இடங்களில் 50, 60 சதவீதம்கூட உண்டு. 2025 பிப்ரவரியில் மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அரசு அமைப்பான என்ஐஎச் அதை எல்லோருக்கும் 15 சதவீதம் ஆக்கப்போகிறோம் என்றபோது பல்கலைகள் நீதிமன்றம் போய்த் தடுத்தன. எங்கள் துறையின் அந்த அம்மா அந்த வாரம் முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

ஆனால் இங்கேயும் எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். ஃபெடரல் நிதி வாங்கும் பேராசிரியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், புராஜெக்ட் நேரத்தில் 42 சதவீதம் ஆராய்ச்சி அல்லாத நிர்வாக வேலைக்கே போகிறது என்று 2005, 2012 இரண்டு முறையும் வந்தது. 2018இல் 44. அத்தனை பேரை வேலைக்கு வைத்தும் இதுதான் கதை.

கரிசல்_பௌதிகம்:

ஆறுமுகம் சார், ஊரிலும் நல்ல ஏற்பாடு இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடியில் ஐசி அண்ட் எஸ்ஆர் என்று புராஜெக்டுக்கென்றே தனி அலுவலகம் இருக்கிறது, ஆள் எடுப்பது, வாங்குவது, கணக்கு எல்லாம் அங்கேயே. நம் மாநிலப் பல்கலைகளில் ஓவர்ஹெட் பெரும்பாலும் பொது நிதியில் கரைந்து கரண்ட் பில் ஆகிவிடும். மேடம், உங்கள் பல்கலையில் ஓவர்ஹெட்டைப் பங்கிட ஏதாவது விதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது இருந்தது, பத்து வருடமாக யாரும் கேட்கவில்லை அவ்வளவுதான். துறையின் பங்கை வைத்து ஒரு கணக்கு உதவியாளரைப் பகுதிநேரமாக வைத்தோம், நான்கு புராஜெக்டுக்கு அந்தப் பெண் ஒருத்தியே போதும். இன்று அவர் லீவு போட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது.

ஓய்வு_கண்காணிப்பாளர்:

யூசி பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். 12-ஏ படிவத்தில் தொடக்க இருப்பு, வட்டி இரண்டையும் காலியாக விடாதீர்கள். இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள். பழைய முறையில் பணம் வங்கியில் இருந்த காலத்தில் 412 ரூபாய் வட்டியைக் காட்டாமல் விட்டதற்காக ஒரு பேராசிரியரின் இரண்டாம் தவணை நின்றது. அந்த 412ஐ அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் இணையதளம் வழியாகக் கட்டி, செலானை இணைத்து அனுப்பிய பிறகே வந்தது. அந்தப் பேராசிரியர் இன்றும் என்னைப் பார்த்தால் "நானூத்திப் பன்னிரண்டு" என்றுதான் கூப்பிடுவார்.

மின்முனை:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சம்பள ஃபைலைத் தனியாகப் போட்டேன், ஒன்பது நாளில் முடிந்தது. பையன் டிசம்பர் சம்பளத்தில் எனக்கு லட்டு வாங்கி வந்தான்.

சிண்டிகேட் தீர்மானம் எதுவும் இல்லை. அதனால் கம்பெனியிடம் உட்கார்ந்து பேசினேன். இரண்டு செல், ஒரு கூடுதல் கேபிள் செட், நான் கேட்காமலே சேர்த்திருந்த ஒரு சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் கழித்து வரியோடு 9.87 லட்சத்துக்கு வந்தார்கள். ஜெம் அறிக்கையைக் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து எடுத்தோம், மொத்தமே இருபது நிமிடம். நிபந்தனைப் பக்கத்தில் பென்சில் கோடும் போட்டேன் ஐயா. ஃபைல் இந்த முறை கேள்வி இல்லாமல் நிதி அலுவலர் வரை போய் வந்தது, நேற்று பர்ச்சேஸ் ஆர்டர் கையில் கிடைத்தது. மார்ச் 12 வாக்கில் மெஷின் வரும் என்று கம்பெனி எழுதியிருக்கிறது.

ஓவர்ஹெட் விதி கேட்டு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டார்கள், பதில் இல்லை.

ஸ்டாக் ரிஜிஸ்டர் எங்கே என்று முன்கூட்டியே கேட்டு வைப்போம் என்று இன்று காலை செக்‌ஷனுக்குப் போனேன். அது பீரோவில் இருக்கிறதாம். பீரோ சாவி தேர்வுப் பிரிவுக்குப் போனவரிடம் இருக்கிறதாம்.