கேஷ் நம்ம காசுல இருந்து போனதா இல்லையா?

வேர்ப்பலா:
கேஷ்ங்கிற இங்கிலீஷ் வார்த்தை நம்ம காசுதான்னு அடிக்கடி ஃபார்வர்ட் வருது, கட்டுமரம் போய் கேட்டமரான் ஆன மாதிரியாம். சத்தமும் ஒத்துப்போகுது அர்த்தமும் ஒத்துப்போகுது, ஆனா டிக்ஷனரியைப் புரட்டினா பிரெஞ்சுன்னு போட்டிருக்கான். எதைத்தான் நம்புறது?

பழையநோட்டு:
டிக்ஷனரில கொஞ்சம் கீழ பாருங்க, ரெண்டாவதா இன்னொரு கேஷ் தனியா இருக்கும்.

தினமும் சொல்ற ரொக்கம்ங்கிற கேஷ் நம்மது இல்ல. லத்தீன்ல கப்ஸான்னா பெட்டி, அது இத்தாலியன், பிரெஞ்சு வழியா 16-ம் நூற்றாண்டு கடைசில இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு. முதல்ல பணப்பெட்டியையும் கேஷ்னு சொல்லிட்டிருந்தாங்க, அப்புறம் பெட்டி கழண்டுபோய் பணம் மட்டும் நின்னுடுச்சு. நாம 'நல்லா கல்லா கட்டிட்டான்'னா பெட்டியையா சொல்றோம்? கேஷியரும் அந்தப் பெட்டி வழி வந்தவர்தான்.

ரெண்டாவது கேஷ், ஆசியாவுல புழங்கின சில்லறை நாணயம், அதுதான் நம்ம காசு. போர்ச்சுகீசியர் வாயில கைஷா ஆகி இங்கிலீஷ்ல கேஷ் ஆச்சு, நடுவுல சதுர ஓட்டை வச்ச சீன நாணயத்துக்கும் இங்கிலீஷ்காரன் அதே பேரைத்தான் வச்சான். கூத்து என்னன்னா போர்ச்சுகீசியத்துல கைஷான்னா பெட்டின்னும் அர்த்தம், குழப்பத்துக்குக் கேக்கணுமா.

மூணாம்பக்கம்:
ஷேக்ஸ்பியரோட ஐந்தாம் ஹென்றி நாடகத்துலயே கேஷ் வருது, அது 1599 வாக்குல எழுதினது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிச்சதே 1600 டிசம்பர் 31. ஃபார்வர்ட் ஆளுங்ககிட்ட இதைக் கேளுங்க.

சும்மாஇரு:
அதெல்லாம் ஒரு ஆதாரமா சார், வாஸ்கோடகாமா 1498லயே கள்ளிக்கோட்டை வந்துட்டான், காசு அவங்க கப்பல்ல ஏறிப் போயிருக்கலாமே

பழையநோட்டு:
வார்த்தை ஏறிப் போகலாம், மறுக்கல. ஆனா காசுல இருந்துதான் வந்துச்சுன்னா ஆரம்பத்துலயே பெட்டிங்கிற அர்த்தம் அதுக்கு எப்படி ஒட்டுச்சு? அதுக்குப் பதில் சொல்லுங்க, வருஷக்கணக்கை அப்புறம் பாக்கலாம்.

செப்புக்காசு:
ரெண்டாவது கேஷை யாரும் கண்டுக்கவே மாட்றீங்க. அந்தக் காலத்து மதராஸ் கணக்குல 80 காசு சேர்ந்தா பணம்ங்கிற ஒரு நாணயம், கம்பெனி அதை கேஷ், ஃபணம்னுதான் எழுதினான். மதராஸுக்காக இங்கிலாந்துல அடிச்ச 1808-ம் வருஷத்து செப்பு நாணயத்துல 20 கேஷ்னு ரோமன் எண்ணுல பொறிச்சிருக்கும். அதை ஏத்திட்டு வந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரில இங்கிலாந்து கரையைத் தாண்டுறதுக்குள்ள குட்வின் மணல்திட்டுல மாட்டி மூழ்கிடுச்சு. 1980கள்ல முக்குளிச்சு அள்ளினாங்க, நாணயம் சேர்க்கிறவங்ககிட்ட இன்னும் சுத்திட்டிருக்கு.